பிள்ளை சொல்லும் ‘போதும்’

அண்மையில் ஓர்ஸ் ஹில்லில், உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் விவசாயக் குடும்பம் ஒன்றைச் சந்தித்தேன். தாய் தன் மூன்று வயதுப் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். பிள்ளை முகத்தைத் திருப்பியது. “பசி கிடந்தனாங்கள் சுவாமி, மிச்சம் விட மனம் வருகுதில்லை” என்றார்.

அவருடைய பயம் நியாயமானதே. ஆனாலும் வயிறு நிறைந்ததைப் பிள்ளை நம்மைவிட நன்கு அறியும்.

அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 1920களில் பால் மறக்கும் குழந்தைகளின் முன் பலவகை உணவுகளை வைத்து, விரும்பியதை விரும்பிய அளவு உண்ணவிட்டார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உண்டது. எல்லாம் நன்றாக வளர்ந்தன. ஆனால் வைக்கப்பட்டவை பால், முட்டை, இறைச்சி, தானியம், காய்கறி, பழம் போன்றவையே. சீனியும் வெள்ளை மாவும் இருக்கவில்லை.

ஆகவே, எதை வைப்பது என்பது பெற்றோரின் பொறுப்பு. எவ்வளவு என்பதைப் பிள்ளை சொல்லும்.

2006இல் சம்பூரை விட்டு வந்தோரின் உயிரைக் காத்தவை நிவாரண அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். நன்றியோடு நினைப்போம். ஆனால் குரக்கன் பிட்டும், முருங்கையிலையும், சூடை மீனும் ஏழைச் சாப்பாடு என்று வெட்கப்படுவது நாமே. பிள்ளைக்கு அந்த வெட்கமில்லை. நாம் உண்பதைப் பார்த்தே அது பழகுகிறது. இன்று மறுத்தால் இன்னொரு நாள் வையுங்கள்.

நிறை குறைந்த, நோயுற்ற பிள்ளை உண்ண மறுத்தால் தாமதியாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். மற்றப்படி, பிள்ளையின் ‘போதும்’ என்ற சொல்லை நம்புங்கள். மூன்றாவது கரண்டி சீனியைத் தேநீரில் போடும்போது, நாமும் அதைச் சொல்லப் பழகுவோம்.