டபுள் பவர் சிரப்பும் எங்க அத்தானும்

மக்களே, இது கொஞ்சம் கோபமான பதிவு. பி.ஃபார்ம் படிக்கிற என் கூட்டாளிகளுக்கு இதில் திட்டும் உண்டு. பொறுத்துக்கொள்ளவும் :-)

சங்கரன்கோவிலில் அக்கா பையனுக்கு மூன்று வயது. இருமல், காய்ச்சல். அத்தானுக்குத் தறி வேலை. ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போச்சு. அதனால் நேரே மெடிக்கல். ஒரே பாட்டிலில் செஃபிக்சைமும் இன்னொரு ஆன்டிபயாட்டிக்கும். "டபுள் பவர்" என்றாராம் கடைக்காரர். மூன்று நாள் கொடுத்தார்கள், காய்ச்சல் குறைந்தது, நிறுத்திவிட்டார்கள். திரும்ப வந்தது. வேறு கடை, வேறு டபுள் பவர். கடைசியில் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் மூச்சுத் திணறியபோதுதான் திருநெல்வேலிக்கு ஓடினார்கள். நிமோனியா. ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஊசி. பிழைத்தான்.

இப்போது அத்தான் சொல்கிறார்: "ஆஸ்பத்திரிலயும் ரெண்டு மருந்துதான மாப்ள குடுத்தாவ? அப்ப கடக்காரர் சொன்னது சரிதான!"

இல்லை அத்தான். சரியே இல்லை.

கடுமையான நிமோனியாவுக்கு ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் சேர்த்துக் கொடுக்கச் சொல்வது உலக சுகாதார நிறுவனம்தான் (2014 வழிகாட்டுதல்). ஆனால் முதலாவது 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டாவது நாளுக்கு ஒரே முறை. இரண்டுக்கும் குழந்தையின் எடைக்கேற்ற தனித்தனி அளவு. குறைந்தது 5 நாள். ஒரே பாட்டிலில் கலந்துவிட்டால் ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைக்க முடியுமா? அதே வழிகாட்டுதல், அபாய அறிகுறி இல்லாத நிமோனியாவுக்கு அமாக்சிசிலின் ஒன்றே போதும் என்கிறது. சாதாரண சளி இருமல் பெரும்பாலும் வைரஸ் வேலை. அதற்கு ஒரு ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம், இரண்டு எதற்கு?

சரி, நிமோனியா விடவே இல்லை என்றால்? "இன்னும் எதைச் சேர்க்கலாம்" என்று கேட்கக்கூடாது. "ஏன் விடவில்லை" என்று கேட்கவேண்டும். கிருமி மைக்கோபிளாஸ்மாவாக இருக்கலாம். அதற்குச் செல்சுவரே கிடையாது. செல்சுவரை உடைக்கிற அமாக்சிசிலின், செஃபிக்சைம் எல்லாம் அதை ஒன்றும் செய்யாது, அசித்ரோமைசின் மாதிரி வேறு வகை வேண்டும். டி.பி.யாக இருக்கலாம். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கலாம். மூச்சுக்குழாயில் ஒரு நிலக்கடலை மாட்டியிருக்கலாம்! கடலைக்கு எந்த டபுள் பவரும் வேலை செய்யாது.

சட்டமும் தூங்கவில்லை. 2018-இல் 328, 2024-இல் 156 என்று கலவை மருந்துகளை மத்திய அரசு தடை செய்தது. செஃபிக்சைம் விற்றால் சீட்டு பார்த்து, நோயாளி பெயர், டாக்டர் பெயர் எழுதிப் பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருக்கவேண்டும் என்பது 2014 மார்ச் முதல் விதி. எத்தனை கடையில் அந்த நோட்டு இருக்கிறது?

அத்தானைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கூலி போகும் என்று கடைக்கு வந்தவர் அவர். அவரை அனுப்பியிருக்கவேண்டியவர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர். சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் மூச்சை எண்ணியிருந்தால் போதும். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே டாக்டர். இதற்குக் காசு செலவில்லை.

நாளைக்கு அந்தக் கவுண்டரில் நிற்கப்போவது நாம்தான், மக்களே. பாட்டிலை எடுப்போமா, வாட்சைப் பார்ப்போமா?