சின்ன லேத்தும் பெரிய மரவையும்

வீட்டு மரம் ஒன்று வெட்டுப்பட்டால் நாம் என்ன செய்கிறோம்? நேரான தடியை வியாபாரி விலை பேசி எடுத்துச் செல்கிறார். கணுவும் கவையும் அடித்தண்டும் விறகாகப் போகின்றன. சங்க அன்பர்கள் பலரும் கண்ட காட்சிதான் இது. அந்த விறகைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பிழைப்புக்காக அம்பாசமுத்திரத்திலிருந்து திருவனந்தபுரம் வந்த என் தகப்பனார், கரமனை வீட்டில் ஒரு பலாக் கன்றை நட்டார். ஓர் அறை கூட்டிக் கட்டுவதற்காக அந்த மரத்தை நானே வெட்ட நேர்ந்தது. மனம் கேட்கவில்லை. அடித்தண்டில் ஒரு துண்டை மட்டும் நடுவே பிளந்து இரண்டு பாதிகளாக எடுத்து வைத்தேன். எங்கள் பாட்டி உப்பு வைத்திருந்த மரவையைப் போல் ஒன்று கடைந்து, பெங்களூரில் வாழும் மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஆசை. மரவை என்ற சொல்லே இன்று நம் அடுக்களையைவிட்டு அகராதிக்குள் போய்விட்டது.

என்னிடம் இருப்பதோ ஓய்வு பெற்ற பின் வாங்கிய சிறிய லேத். அரைக் குதிரைத்திறன் மோட்டார். சுழலும் தண்டு அடிப்பாகத்திலிருந்து 6 அங்குல உயரத்தில் இருக்கிறது. எனவே 12 அங்குலத்துக்கு மேற்பட்ட எதுவும் அதில் சுழலாது. 11 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. "இதில் செப்புச் சாமான்தான் கடையலாம், பெரிய மெஷின் வாங்குங்கள்" என்றார்கள் நண்பர்கள். அந்த யோசனை தவறு என்பது என் கருத்து. அதை நான் அறிந்துகொண்டது ஒரு பாதியை இழந்த பிறகுதான்.

சின்னக் கிண்ணங்களைக் கடையும் அதே வேகத்தில் முதல் பாதியைச் சுழலவிட்டேன். மேசை நடுங்கியது. நிறுத்துவதற்குள் கட்டை திருகாணிகளைப் பிய்த்துக்கொண்டு சுவரில் மோதிப் பிளந்தது. நான் சற்று விலகி நின்றதால் பிழைத்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும் 11 அங்குலக் கட்டையின் விளிம்பு, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. விளிம்பின் ஒரு பக்கத்தில் 100 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அது ஏறத்தாழ 15 கிலோ பாரம்போல் ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும். வேகத்தைப் பாதியாக்கினால் அந்த இழுப்பு நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவே முதலிலேயே மூலைகளை அறுத்து வட்டமாக்க வேண்டும். பெல்ட்டை மிகக் குறைந்த வேகத்துக்கு மாற்ற வேண்டும். மறுமுனையையும் கட்டையோடு சேர்த்து முடுக்க வேண்டும். மேசையின் மேல் மணல் மூட்டை வைக்கலாம். உளியை ஆழ இறக்காமல் சன்னமாகச் சீவ வேண்டும். முகக்கவசமில்லாமல் சுவிட்சைத் தொடவே கூடாது. இவற்றுள் எதற்கும் பெரிய மெஷின் தேவையில்லை.

மீதமிருந்தது ஒரே பாதி. அதையும் ஒரே நாளில் முடித்துவிடத் துணிந்தேன். தகப்பனாரின் ஊர்க்காரரான ஒரு முதிய கடைசல்காரர் அப்போது சாலைக்குச் சாமான் வாங்க வந்தவர் எங்கள் வீட்டிற்கும் வந்திருந்தார். கட்டையைத் தட்டிப் பார்த்தார். "பச்சை மரம்லா தம்பி இது? ஒரே மூச்சுல கடைஞ்சா வெடிக்காம என்ன செய்யும்?" என்றார்.

அவர் சொன்னபடி தை மாதத்தில் முரட்டுக் கடைசல் மட்டும் செய்தேன். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம், அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம், சுவரில் விட்டோம். விளிம்பில் மெழுகு தடவி, காற்று நேராக அடிக்காத நிழலில் வைத்தேன். மாதந்தோறும் நிறுத்து எடையைக் குறித்தேன். நம் ஊருக்கோ இரண்டு மழைக்காலம்; ஈரம் எளிதில் இறங்குவதில்லை. காயக் காய வட்டம் கோணி முட்டை வடிவமாயிற்று. விட்டிருந்த கனம் அந்தக் கோணலைச் சீவி எடுக்கத்தான் என்பது அப்போது புரிந்தது. எடை குறைவது நின்ற பின், அடுத்த தையில் மீண்டும் லேத்தில் ஏற்றினேன். மரவை வெடிப்பின்றி வந்தது.

நிற்க. அம்பாசமுத்திரத்துச் செப்புகளை வைத்து விளையாடாத நெல்லைச் சீமைக் குழந்தை அக்காலத்தில் அபூர்வம். சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உரசும் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும். அந்த வித்தை அறிந்த கைகள் குறைந்து வருகின்றன. எனக்கு வழிகாட்டிய பெரியவரின் மக்களும் இத்தொழிலில் இல்லை. அவர்களை நான் குறை சொல்லேன். கண்காட்சியில் கலையைப் புகழ்ந்துவிட்டு, வாங்கும்போது ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்கள் நாம்தானே! 'உளி பிடித்தால் படிப்புக் கெட்டுவிடும்' என்று பிள்ளைகளை விலக்கியவர்களும் நாம்தான். என் மகளுக்கு நானும் கற்றுத் தரவில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். வீட்டு மரம் விழ நேர்ந்தால், ஒரு துண்டையாவது விறகுக்காரரிடமிருந்து காப்பாற்றுங்கள். மிருதங்கமும் வீணையும் ஆகும் பலா, நம் வீட்டில் அடுப்புக்கு மட்டும்தானா? அடுத்து, நம் சங்கம் கோடை விடுமுறையில் கடைசல்காரர் ஒருவரை உரிய ஊதியம் கொடுத்து அழைத்து, நம் பிள்ளைகள் முன் ஒரு வாரமாவது வேலை செய்து காட்டச் சொல்லலாம்.

அந்த மரவை இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறது. கடைந்தபோது இருந்த மஞ்சள் நிறம் மெல்லத் தேன் நிறமாகி வருகிறதாம். பேரனுக்கு அவன் கொள்ளுத்தாத்தாவைத் தெரியாது; அவர் நட்ட மரத்தில் வைத்துத்தான் பழம் தின்கிறான். அன்பர்களே, உங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்பது என்ன மரம்?