வெண்சுவரின் அழகு

இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் வான்கோவின் சூரியகாந்திப் பூக்களைக் காணக் கூட்டம் முண்டுகிறது. டச்சு ஓவியர் பீட்டர் சான்ரெடாம் (1597–1665) தீட்டிய ஹார்லெம் பெருந்தேவாலயத்தின் உட்புறக் காட்சியை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. கூட்டத்தைக் கொண்டு கலையை அளத்தல் தகாது என்பதற்கு 1636–37ஆம் ஆண்டுகளைச் சார்ந்த இவ்வோவியமே சான்றாகும்.

1578ஆம் ஆண்டில் அத்தேவாலயம் சீர்திருத்தக் கிறித்தவர் வசமாயிற்று, படிமங்கள் அகன்றன. ஆகவே, இவ்வோவியத்தில் நம் கண்ணை நிறைப்பவை உருவங்கள் அல்ல. வெண்மையான தூண்களும், வளைவுகளும், அவற்றின்மீது படரும் ஒளியுமே. மனிதர் மிகச் சிறியராய்த் தோன்றுகின்றனர். சான்ரெடாம் கட்டடங்களை நேரில் அளந்து வரைவார். அவ்வளவுகளைக் கொண்டு அண்மை சேய்மைகளைக் கணக்கிட்டுக் கோடிடுவார். அதன் பின்னரே வண்ணம் தீட்டுவார். சில வேளைகளில் இடையே பல ஆண்டுகள் கழிந்ததும் உண்டு. அவருக்குக் கலை என்பது அளவில் தவறாத நேர்மை.

ஓவியம் என்றாலே உருவம் என்றெண்ணி ஒதுங்குவோர் நம் சமுதாயத்தில் உளர். பள்ளிவாசலின் வெண்சுவரில் அமைதி கண்ட நெஞ்சிற்கு இவ்வோவியம் அயலானதன்று. ஒதுங்க வேண்டிய தேவையும் இல்லை என்பது என் துணிபு.

மாணவச் செல்வங்களே! அருங்காட்சியகம் செல்லுங்கால், புகழ்பெற்றவற்றைக் கண்டபின், பெயரறியா ஓவியம் ஒன்றன்முன்னும் சற்றே நில்லுங்கள். பிறர் சொல்லிக் கேட்ட அழகைவிட, தாமே கண்டறிந்த அழகு நெடிது நிற்கும்.