பழி ஓரிடம்... பாவம் ஓரிடம்!

பவர் பட்டனை அமுக்கிவிட்டு, மெஸ்ஸுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலும், 'இதோ வந்துட்டேன்' என்று சுற்றிக்கொண்டே இருக்கிறதா உங்கள் லேப்டாப்? லினக்ஸ் நண்பர்களே, இந்த வாரம் உங்களுக்குத்தான்!

போன வாரம் மூணாவது வருஷம் படிக்கிற தம்பி ஒருத்தன், லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றான். முகத்தில் சுரத்தே இல்லை.

"அக்கா யூஸ் பண்ணின லேப்டாப்ண்ணா. அரை நிமிஷத்துல ஆன் ஆகிட்டிருந்துச்சு. இப்போ ரெண்டரை நிமிஷம் ஆகுது. அடுத்த வாரம் புராஜெக்ட் ரிவ்யூ வேற. இதைக் கடாசிட்டுப் புதுசு வாங்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்பாகிட்ட எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியலை..."

"அப்பாவை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல நேரம் எங்கே போகுதுன்னு பார்ப்போம்" என்றேன்.

இன்றைக்குப் பெரும்பாலான லினக்ஸ்களில் பூட் வேலையைக் கவனிப்பது 'சிஸ்டம்டி'. 2010-ல் வந்தது. ஃபெடோரா 2011-லும், டெபியன், உபுண்டு இரண்டும் 2015-லும் இதற்கு மாறின. டெர்மினலைத் திறந்து 'சிஸ்டம்டி-அனலைஸ்' என்று அடித்தால் போதும், ஜாதகமே வந்துவிடும். (ஆங்கிலத்தில் எல்லாமே சின்ன எழுத்து. நடுவில் ஒரு ஹைஃபன்.)

தம்பியின் லேப்டாப் சொன்ன கணக்கு இது: ஃபர்ம்வேர் 6 விநாடி, லோடர் 5, கெர்னல் 36, யூசர்ஸ்பேஸ் 1 நிமிஷம் 47. மொத்தம் 2 நிமிஷம் 34 விநாடி.

முதல் இரண்டும் லினக்ஸ் கண் விழிப்பதற்கு முன்பு நடப்பவை. கெர்னல் என்பது அதன் மூளை எழுந்திருக்கிற நேரம். மற்ற சர்வீஸ்கள் எல்லாம் ஸ்டார்ட் ஆவது யூசர்ஸ்பேஸில்தான். ஆக, நம்ம தகராறு கடைசி இரண்டில்.

அடுத்து, அதே கமாண்டோடு 'பிளேம்' என்று சேர்த்து அடித்தோம். எந்த சர்வீஸ் எவ்வளவு நேரம் தின்றது என்று பெரியதிலிருந்து சின்னது வரை லிஸ்ட் வரும். முதலிடத்தில் இருந்தது, நெட்வொர்க் வரும்வரை காத்திருக்கும் சர்வீஸ். 8 விநாடி! "பிடிச்சாச்சுண்ணா! டாப்ல இருக்கிற பத்தையும் தூக்கிடலாமா?" என்று பரபரத்தான் தம்பி.

பொறுடா ராஜா! இங்கேதான் பலரும் சொதப்புகிறார்கள்.

மெஸ் கிச்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அடுப்பில் சாம்பார், இன்னொன்றில் இட்லி, மூன்றாவதில் சட்னிக்குத் தாளிப்பு. சாம்பாருக்கு 20 நிமிஷம் ஆனாலும் இட்லி அதற்காகக் காத்திருப்பதில்லை. சிஸ்டம்டியும் இப்படித்தான், பல சர்வீஸ்களை ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். அதனால் பிளேம் லிஸ்டில் முதலிடம் பிடித்தவர்தான் குற்றவாளி என்று அர்த்தம் இல்லை. சில சர்வீஸ்களுக்கு வேலையே, மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருப்பதுதான். யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று பார்க்க 'பிளேம்' இருந்த இடத்தில் 'கிரிட்டிக்கல்-செயின்' என்று அடியுங்கள்.

அதிருக்கட்டும்... கணக்கு இடிக்கிறதே? முதலிடத்துக்கே 8 விநாடிதான் என்றால், 107 விநாடி எங்கே போச்சு?

ரீஸ்டார்ட் செய்து, லோகோ வந்ததும் 'எஸ்கேப்' கீயைத் தட்டினோம். லோகோ விலகியது. ஏதோ ஒரு டிஸ்க் பார்ட்டிஷனுக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி, பக்கத்திலேயே ஓடும் கடிகாரம். 1 நிமிஷம் 30 விநாடி வரை ஓடிவிட்டுத்தான் நின்றது. உள்ளே போய் 'ஜர்னல்சிடிஎல்', ஒரு இடைவெளி, 'ஹைஃபன் பி' என்று அடித்து அந்த பூட்டின் டைரியைப் புரட்டினால் அதே கதை. அந்த டிஸ்க் வரவே இல்லை, காத்திருந்து கைவிட்டோம் என்று எழுதியிருந்தது.

பிளேம் லிஸ்டில் ஏன் இல்லை? வந்து சேர்ந்தவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைத்தான் அது காட்டும். வராதவன் பெயர் அதில் எப்படி இருக்கும்?

"நடுவுல என்னடா பண்ணினே?" என்றேன். தலையைச் சொறிந்தான். ரெண்டு மாசத்துக்கு முன் பக்கத்துப் பார்ட்டிஷனில் இன்னொரு லினக்ஸும் போட்டானாம். அதுதான் விஷயம்! புது லினக்ஸ் இன்ஸ்டால் ஆகும்போது, இரண்டுக்கும் பொதுவான ஸ்வாப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்திருக்கிறது. ஃபார்மட் ஆனால் யூயூஐடி எனும் அடையாள நம்பர் மாறிவிடும். பழைய லினக்ஸ் பாவம், பழைய நம்பரையே வைத்துக்கொண்டு தினமும் 90 விநாடி வாசலில் காத்திருந்திருக்கிறது!

வைத்தியம் சிம்பிள். 'எல்எஸ்பிஎல்கே', இடைவெளி, 'ஹைஃபன் எஃப்' என்று அடித்தால் புது நம்பர் தெரியும். 'இடிசி' ஃபோல்டரில் உள்ள 'எஃப்எஸ்டேப்' ஃபைலை முதலில் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு (இதில் தப்பு நடந்தால் பூட்டே ஆகாமல் போகலாம், ஜாக்கிரதை!), சூடோவோடு எடிட்டரில் திறந்து, ஸ்வாப் வரியில் மட்டும் நம்பரை மாற்றினோம்.

யூசர்ஸ்பேஸ் 17 விநாடிக்கு இறங்கியது. ஆனால் கெர்னல்? இன்னமும் அதே 36!

டெபியன், உபுண்டு வகையறாக்களில் இந்த நம்பர் இன்னொரு இடத்திலும் ஒளிந்திருக்கும். ஹைபர்னேட் ஆன லேப்டாப் எங்கிருந்து எழ வேண்டும் என்று சொல்லும் 'ரெஸ்யூம்' ஃபைல் அது. இடிசி-யில் 'இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்' ஃபோல்டர், அதற்குள் 'கான்ஃப் டாட் டி'. அங்கேயும் நம்பரை மாற்றி, 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஹைஃபன் யு' அடித்து ரீஸ்டார்ட் செய்தோம். கெர்னல் 5 விநாடி. மொத்தம் 33!

அளந்து பார்ப்பதற்கு இருக்கிற மரியாதைக்கு ஒரு குட்டி ஃபிளாஷ்பேக். 2008-ல் இன்டெல் என்ஜினீயர்கள் அர்ஜன் வான் டி வென், ஆகே காக் இருவரும், ஆசஸ் ஈ பிசி என்ற குட்டி லேப்டாப்பில் லினக்ஸை 5 விநாடியில் பூட் செய்து காட்டினார்கள். 'கொஞ்சம் வேகமாக்கலாம்' என்று அவர்கள் ஆரம்பிக்கவில்லை. கெர்னலுக்கு 1, ஆரம்ப வேலைகளுக்கு 1, திரைக்கு 1, டெஸ்க்டாப்புக்கு 2 என்று ஹாஸ்டல் பட்ஜெட் மாதிரி முதலிலேயே பிரித்துவிட்டார்கள். யார் பட்ஜெட்டை மீறினார்களோ, அவர்களைத்தான் பிடித்து உலுக்கினார்கள்.

உங்கள் லேப்டாப்பில் வேறு வில்லன்களும் இருக்கலாம்:

* லோடர் நேரம் அதிகமா? கிரப் மெனு உங்களுக்காகக் காத்திருக்கிறது. அதன் டைம்அவுட்டைக் குறையுங்கள்.

* நெட்வொர்க்குக்காக ரொம்ப நேரம் காத்திருக்கிறதா? பூட் ஆகும்போதே நெட்வொர்க் டிரைவ் எதுவும் தேவையில்லை என்றால் அந்த சர்வீஸை நிறுத்தலாம்.

* எப்போதாவது செருகும் ஹார்ட் டிஸ்க்கை எஃப்எஸ்டேப்பில் எழுதியிருந்தால், அந்த வரியில் 'நோஃபெயில்' சேருங்கள்.

* எதுவும் தனியாக மாட்டவில்லை, எல்லாமே மந்தமா? பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் எஸ்எஸ்டி மாற்றிப் பாருங்கள். லேப்டாப்பையே மாற்றுவதைவிட ரொம்ப மலிவு!

எதையும் நிறுத்துவதற்கு முன் அது என்ன வேலை பார்க்கிறது என்று படித்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், ஒரு ரீஸ்டார்ட், மறுபடி ஒரு அளவு. பத்தையும் ஒரே நாளில் மாற்றினால், எது சரி செய்தது என்றும் தெரியாது, எது கெடுத்தது என்றும் தெரியாது.

தம்பி அன்று ராத்திரியே அப்பாவுக்கு ஃபோன் போட்டானாம். லேப்டாப் பேச்சையே எடுக்கவில்லையாம்!