எதை வெட்டுவது?

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் 1914-ல் தொடங்கிய கிளாரன்ஸ் பள்ளி, ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடப்பது. அக்கம்பக்கத்தில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளும் உண்டு. 2020 ஜூலையில் இரு தரப்புக்கும் ஒரே தலைவலி: கொரோனா விழுங்கிய நாட்களுக்கு ஈடாக எந்தப் பாடத்தைக் கைவிடுவது?

ஐ.சி.எஸ்.இ. வாரியம் 25 சதவீதம் வரை குறைத்தது. சி.பி.எஸ்.இ. 30 சதவீதம் வரை போனது. பதினொன்றாம் வகுப்பு அரசியல் பாடத்தில் கூட்டாட்சி, குடியுரிமை, மதச்சார்பின்மை எல்லாம் அடிபட்டன. கர்நாடக அரசின் பட்டியலில் சிக்கியது, ஏழாம் வகுப்பின் ஹைதர் அலி, திப்பு சுல்தான் பாடம். கூச்சல் எழுந்ததும், மாதக் கடைசியில் பட்டியலையே நிறுத்திவைத்தார்கள்.

யாருடைய பெயர் போயிற்று என்பதுதான் சண்டை. எந்தப் பாடம் அடுத்த வகுப்புக்குப் படிக்கட்டு என்று கேட்டவர்கள் சொற்பம். பின்னம் பிடிபடாத பிள்ளைக்கு விகிதமும் வராது, வட்டிக் கணக்கும் வராது. திப்பு அவரைக் காப்பாற்ற ஆள் வைத்திருக்கிறார். பின்னத்துக்கு யார் இருக்கிறார்கள்?

இத்தனைக்கும் இதே கர்நாடகம்தான் 1995-ல் மைசூர் மாவட்டத்து எச்.டி. கோட்டேயில் 'நலி கலி'யைத் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கற்றுவந்த ஆசிரியர்கள், பாடங்களைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஏணியாகச் சுவரில் மாட்டினார்கள். தேறிய பிள்ளை அடுத்த படிக்குப் போகும். தேறாதது அங்கேயே இன்னும் கொஞ்சம் பழகும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளும் 2003-ல் இந்த ஏணியை எடுத்துக்கொண்டன.

நலி கலி மூன்றாம் வகுப்போடு முடிகிறது. நான்காம் வகுப்பில் பழைய பாடநூல் காத்திருக்கிறது.