மைனர் சொத்தும் சிமெண்டுக் கம்பெனியும்

ஆண்டுதோறும் ஜூன் 5-ந் தேதி உலகச் சுற்றுச்சூழல் தினம் வருகிறது. பெரிய தொழிற்சாலைகள் பலவற்றுக்கும் அன்று குழந்தைகளின் ஞாபகம் வந்து விடுகிறது. சித்திரப் போட்டி, கட்டுரைப் போட்டி, மரக்கன்று நடுதல், ஆளுக்கொரு தொப்பி, பிஸ்கோத்துப் பொட்டலம், கடைசியில் புகைப்படம் - இவ்வளவும் குறைவின்றி நடக்கின்றன. மறுநாள் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் விடுவது யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

சீதோஷ்ண மாறுதலைப் பற்றிக் கம்பெனிகள் செய்யும் ஆலோசனைகளில் குழந்தைகளுக்கும் இடம் வேண்டும் என்ற பேச்சு இப்போது உலகெங்கும் அடிபடுகிறது. 2021-ல் கிளாஸ்கோ நகரில் கூடிய மகாநாட்டில், திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் பெரிய தலைவர்கள் முன்னிலையில் பேசினார். தமிழ்நாட்டுக்கு அது பெருமைதான். ஆனால் கிளாஸ்கோவுக்குப் போகிற குழந்தை ஒன்று. போகாத குழந்தைகளோ கோடிக் கணக்கில். அவர்கள் பேச வேண்டிய இடம் அவரவர் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

குன்னத்தையே எடுத்துக் கொள்வோம். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் வானம் பார்த்த பூமி. கிழக்கே செந்துறைப் பக்கம் போனால் ஆலத்தியூரிலும் தளவாயிலும் சிமெண்டு ஆலைகள். ஏறக்குறைய 10 கோடி வருஷங்களுக்கு முன் இந்தச் சீமை கடலாயிருந்தது. அந்தக் கடல் வைத்துவிட்டுப் போன ஆஸ்திதான் சுண்ணாம்புக்கல். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும்; 44 கிலோ கரியமில வாயுவாகி ஆகாயத்தில் கலக்கும். சூளைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேல். பத்தாம் வகுப்பு மாணவன் போடக் கூடிய கணக்குத்தான் இது.

இன்னொரு கணக்கும் உண்டு. சுரங்கச் சட்டம் 2015-ல் திருத்தப்பட்டது முதல், இத்தகைய குத்தகைகள் 50 வருஷ காலத்துக்கு வழங்கப்படுகின்றன. இன்று 10 வயதாகும் பையனுக்குக் குத்தகை முடியும் போது வயது 60. கையெழுத்திட்ட டைரெக்டர் அப்போது இருக்க மாட்டார். அநேகமாக நாமும் இருக்க மாட்டோம். தோண்டிய பள்ளமும் வறண்ட கிணறும், அல்லது நிரப்பிய நிலமும் நிறைந்த ஏரியும், அந்தப் பையனுக்கே பாத்தியம்.

செல்வம் படைத்தவர்கள் அதற்குத் தர்மகர்த்தாக்களே என்று மகாத்மா காந்தி ஓயாமல் வற்புறுத்தினார். மைனர் சொத்தைப் பரிபாலிக்கும் தர்மகர்த்தா, மைனரிடம் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். மிட்டாய் வாங்கிக் கொடுத்துக் கணக்கை மறைப்பவரை உலகம் வேறு பெயரால் அழைக்கும்.

"குழந்தைகளுக்கு என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கலாம். தீர்மானம் செய்யும் பாரத்தைக் குழந்தைகள் தலையில் ஏற்றும்படி நாம் சொல்லவில்லை. கேள்வி கேட்கும் உரிமையைத்தான் சொல்லுகிறோம். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தைகள் அபிப்பிராயம் சொல்லலாம், வயதுக்கும் அறிவுக்கும் தக்கபடி அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது 1989-ம் வருஷத்துக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது ஷரத்து. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றுக் கொண்டது. புதிய சுரங்கத்துக்காக நடக்கும் பொதுஜன விசாரணையில், வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்கச் சந்தர்ப்பம் தர வேண்டும் என்று 2006-ம் வருஷத்துச் சர்க்கார் அறிவிக்கை கூறுகிறது. அதில் வயது வரம்பு எதுவும் காணோம்.

உண்மையான சங்கடம் வேறு. பையனின் தகப்பனார் அந்த ஆலைக்கே லாரி ஓட்டுகிறவராயிருப்பார். பள்ளிக்கூடத்துப் பெஞ்சும் தண்ணீர்த் தொட்டியும் கம்பெனியின் தர்மத்தில் வந்தவையாயிருக்கும். லாபத்தில் 2 சதவிகிதத்தைப் பொது நன்மைக்குச் செலவிட வேண்டுமென்று 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் விதித்திருப்பதால், அது தர்மமுமல்ல, கடமை. ஆனாலும் பெஞ்சில் உட்கார்ந்து கொண்டு, பெஞ்சு கொடுத்தவரைக் கேள்வி கேட்பது எளிதா? வாத்தியார்களுக்கே நா எழுவதில்லை. குழந்தைக்கு எப்படி எழும்?

ஆகையால் நாம் கோருவது மூன்றே விஷயங்கள். முதலாவது, சுரங்கத்தின் ஆழம், நிலத்தடி நீர் மட்டம், பள்ளத்தை மூடும் திட்டம் ஆகியவற்றைக் குழந்தைக்கும் புரியும் தமிழில் அச்சிட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். இரண்டாவது, கேள்விகள் வகுப்பின் பெயரால் போகட்டும். எந்தக் குழந்தையின் பெயரும் படமும் வெளியே வர வேண்டாம். மூன்றாவது, ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்து மூலமாகப் பதில் வர வேண்டும். அடுத்த வருஷம் அதே வகுப்பின் முன் வந்து, சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கம்பெனி அதிகாரி ஒருவர் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒப்புகிற கம்பெனி சித்திரப் போட்டியும் தாராளமாக நடத்தட்டும். குழந்தைகள் சந்தோஷமாகப் படம் வரைவார்கள். ஒப்பாத கம்பெனி, குழந்தைகளின் யோசனையைக் கேட்டோம் என்று ஆண்டறிக்கையில் அச்சிட்டுக் கொள்ளாமலாவது இருக்க வேண்டும். பெற்றோர்களும் ஒரு காரியம் செய்யலாம்: போட்டியில் பரிசு வாங்கி வரும் குழந்தையிடம், "நீ என்ன கேட்டாய், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள்?" என்று விசாரிக்கலாம்.