வானத்துக்கு 'மூடு அவுட்' என்றால் நமக்குமா?



ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள் பெரியவர்கள். அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதே நாட்களில்தான் நமக்குப் போர்டு எக்ஸாமும் வந்து நிற்கிறது! வெளியே வானம் மப்பும் மந்தாரமுமாக இருக்கும். உள்ளே நம் முகமும் அப்படியே இருக்கும். "என்னடா ஆச்சு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லடா, மூடு அவுட்" என்று பதில் வரும். கேட்டவனும் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

அப்படிச் சிரித்துவிட்டுப் போனவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

போன வருஷம், நான் இரண்டாம் ஆண்டு. விடாத மழை. என் அறை நண்பன் காலை பத்து மணி வரை போர்வையை விட்டு வெளியே வரமாட்டான். டிபன் கிடையாது, ஒர்க்ஷாப் கிடையாது, மாலை வாலிபாலும் கிடையாது. 'கும்பகர்ணன்' என்று நான்தான் பெயர் வைத்தேன். இரண்டே நாளில் மாடி முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. ஒரு நாள் ராத்திரி அவன் மெதுவாகச் சொன்னான்: "நான் தூங்கலடா. முழிச்சுதான் இருக்கேன். எந்திரிக்க முடியல." அதற்கும் சிரித்தேன்.

அந்த செமஸ்டரில் அவன் இரண்டு பேப்பர் எழுதவே போகவில்லை. எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் அவன்! ஊருக்குப் போனதும் அவன் அக்கா அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். இது சோம்பல் இல்லை, மனச்சோர்வு என்றார் டாக்டர். சிகிச்சை எடுத்தான், தேறினான், அரியரையும் முடித்துவிட்டான். ஆனால் நான் வைத்த பெயரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வானிலைக்கும் மனசுக்கும் சம்பந்தம் உண்டா? உண்டு என்கிறது மருத்துவம். நம் மூளைக்குள் பட்டாணி அளவைவிடச் சிறிய பீனியல் சுரப்பி இருக்கிறது. இருட்டில் அது மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 'இது ராத்திரி' என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அந்தச் சுரப்பு அடங்குகிறது. வெளிச்சம் சரியாகப் படாவிட்டால் உடம்பின் கடிகாரம் தடுமாறுகிறது. 1984-இல் அமெரிக்காவில் டாக்டர் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும், குளிர்காலத்தில் மட்டும் வந்து கோடையில் போய்விடும் ஒரு மனச்சோர்வைப் பற்றி எழுதினார்கள். பருவகால மனச்சோர்வு என்று அதற்குப் பெயர். காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் விளக்குப் பெட்டி முன்னால் உட்கார வைப்பது அதற்கு ஒரு சிகிச்சை.

ஆனால் அதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிட முடியாது. டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் சுமார் 6 மணி நேரம்தான். சென்னையில் மிகக் குறைந்த பகலே 11 மணி நேரத்துக்கு மேல். நமக்குப் பகல் குறைவதில்லை. மழைக்குப் பயந்து நாம்தான் பகலுக்குள் போகாமல் அறைக்குள் கிடக்கிறோம். அதோடு காயாத காக்கி யூனிஃபார்ம், ஈரமான டிராயிங் ஷீட், போய்விட்ட கரண்ட், முடியாத ரெக்கார்டு நோட்டு, பக்கத்தில் வரும் பரீட்சை... எல்லாம் சேர்ந்துதான் மனசை அழுத்துகிறது.

மின்னியல் மாணவன் இல்லையா, எனக்கு அளந்து பார்த்தால்தான் நிம்மதி! லேபில் சாரிடம் அனுமதி வாங்கி லக்ஸ் மீட்டரை ஹாஸ்டலுக்குக் கொண்டு போனேன். ஜன்னல் சாத்திய அறை, ஒரு டியூப் லைட், மேசை மேல் 85 லக்ஸ். அதே நேரம், அதே மப்பு வானத்தின் கீழே, மைதான ஓரத்தில் 6,200 லக்ஸ். எழுபது மடங்குக்கு மேல்! கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. இருண்ட வானம் என்று நாம் திட்டுகிற வானமே நம் டியூப் லைட்டைவிட எத்தனை தாராளம், பாருங்கள்! விளக்குப் பெட்டி வாங்க வேண்டாம். ஒரு குடை போதும்.

ஆகவே நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். மழை விட்டாலும் விடாவிட்டாலும் காலையில் குடையோடு அரை மணி நேரம் வெளியே போய்விடுவேன். இடி மின்னல் என்றால் மட்டும் வராந்தா. எழுந்திருக்கும் நேரத்தை மாற்றுவதில்லை. பகலில் படுக்கையில் படித்தால் படிப்பும் வராது, ராத்திரி தூக்கமும் வராது. அதனால் மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன். போர்வைக்குள் செல்போன் பார்ப்பதை விட்டுவிட்டேன். அது கஷ்டம்தான், பொய் சொல்லவில்லை! மைதானம் சேறானால் படிக்கட்டில் நாலு முறை ஏறி இறங்குகிறேன்.

நம் மாணவர் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் கேரம் அறைச் சாவியைப் பூட்டி வைக்காதீர்கள். அன்றைக்குத்தான் அது தேவை. துணி காய வைக்க மாடியில் ஒரு கூரையும் நாலு கொடியும் கேட்டு வாங்கித் தாருங்கள். சின்ன விஷயம் என்று தோன்றும். ஈரச் சட்டையோடு எட்டு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தவனைக் கேட்டால் தெரியும்.

எங்கப்பா விவசாயி. வானம் இருட்டினால் அவர் முகம் வெளுக்கும். தமிழ்நாட்டின் வருட மழையில் கிட்டத்தட்ட பாதியை இந்த வடகிழக்குப் பருவமழைதானே தருகிறது! அதனால் மழையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பயிர் மூழ்கிய வருஷத்தில் அதே அப்பா திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவரை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கூடவே உட்கார்ந்தார்.

நண்பர்களே, எல்லா மூடு அவுட்டும் நோய் இல்லை. பெரும்பாலும் வெயில் வந்தால் தானாகப் போய்விடும். ஆனால் உங்கள் அறையில் ஒருவன் இரண்டு வாரமாகச் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் மாறிக் கிடந்தால் பட்டப்பெயர் வைக்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு வந்துவிட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அவனைத் தனியாகவும் விடாதீர்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண் கட்டணமில்லாதது, தமிழிலேயே பேசலாம்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அடுத்த மழை நாளில் குடையை எடுத்துக்கொண்டு அவன் கட்டில் பக்கம் போய், "வாடா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். நான் அன்றைக்குக் கூப்பிடவில்லை. நீங்கள் கூப்பிடுங்கள்.

- மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை